வெள்ளத்தில் நான் எடுத்த வீடியோவில் எதிர் வீட்டு அத்தை இருக்கிறார். அழித்துவிடலாமா?

எழுதியவர்: எர்ணாவூர்ப் பெண்

எல்லோருக்கும் வணக்கம். விஸ்காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வடசென்னையில் எர்ணாவூரில் வீடு, கத்திவாக்கத்தில் ரயில் ஏறி கல்லூரிக்குப் போகிறேன். இரண்டு வாரமாக ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. வீட்டில் சொன்னால் "முதல்ல அந்த போனைக் கீழே வை" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதனால் இங்கே கேட்கிறேன்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் சமயம். நான் அப்போது முதலாம் ஆண்டு. மழை நின்ற பிறகுதான் எங்கள் தெருவுக்கு உண்மையான கஷ்டம் ஆரம்பித்தது. பக்கிங்காம் கால்வாய் வெள்ளத்தோடு கறுப்பு எண்ணெயும் வீட்டுக்குள் வந்துவிட்டது. தண்ணீர் மெதுவாக வடிந்தது, எண்ணெய் வடியவே இல்லை. சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புக் கோடு. பீரோ, அரிசி டிரம், என் புத்தகங்கள், எதைத் தொட்டாலும் கையோடு ஒட்டிக்கொள்ளும். வாடையில் தம்பி வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தான். முதல் இரண்டு நாள் எங்கள் தெருவுக்கு யாரும் வரவில்லை.

அதனால் நானே வீடியோ எடுத்தேன். 48 விநாடி. அதில் எதிர் வீட்டு அத்தை நைட்டியோடு இடுப்புத் தண்ணீரில் அண்டாவைத் தள்ளிக்கொண்டு வருவார். கை, கழுத்து, முடியெல்லாம் எண்ணெய். அழுதுகொண்டே வருவார். பக்கத்துத் தெரு மாடியில் சிக்னல் கிடைத்ததும் இன்ஸ்டாகிராமில் போட்டேன். நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். அதற்கு அடுத்த நாள் ராயபுரத்திலிருந்து கல்லூரிப் பசங்க கூட்டமாக வந்தார்கள். பாய், போர்வை, புடவை, பிரெட் எல்லாம் கொண்டுவந்தார்கள். அத்தைக்கும் கிடைத்தது. அப்போது என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்.

இந்த ஐப்பசி மழை ஆரம்பித்ததும் இரண்டு மூன்று பக்கங்கள் அதே வீடியோவை "இன்று காலை திருவொற்றியூரில்" என்று போட்டுவிட்டன. வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிறது. அத்தையின் பெண்ணுக்கு இப்போதுதான் சம்பந்தம் பேசி முடித்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் சொந்தக்காரர் ஒருவர் நிச்சயத்தார்த்தத்தில் எல்லோர் முன்னாலும் போனை நீட்டி "இது உங்க சம்பந்தியம்மாதானே?" என்று கேட்டிருக்கிறார். கல்யாணத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அத்தை என்னிடம் பேசுவதில்லை. நான் கோலம் போட வாசலுக்கு வந்தால் அவர் உள்ளே போய்விடுகிறார். விஷயத்தை எனக்குச் சொன்னதே அவர் பெண்தான்.

நேற்று அந்த வீடியோவை மறுபடி பார்த்தேன். 11வது விநாடியில் அத்தை கேமராவைப் பார்க்கிறார், உடனே ஒரு கையால் நைட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எடுக்கும்போது நான் அதைக் கவனிக்கவே இல்லை. படம் எடுக்கப்படுகிறவரிடம் ஒப்புதல் கேட்க வேண்டும் என்ற பாடம் எங்களுக்கு இரண்டாம் ஆண்டில்தான் வந்தது. ஆனால் இதற்கு ஒரு பாடம் வேண்டியிருந்ததா என்று நினைத்து நினைத்து வருத்தப்படுகிறேன்.

அழித்துவிடலாமா? எங்கள் தெருவில் எண்ணெய் வந்ததற்கு என்னிடம் இருக்கும் நல்ல பதிவு இது ஒன்றுதான். மற்ற பக்கங்களில் இருப்பதை என்ன செய்வது?

பதில் 1: பழைய வண்ணைக்காரன்

தங்கச்சி, நான் சில வருடம் செய்திப் படங்களோடு வேலை பார்த்தவன். முதலில் அவசர வேலையைச் சொல்கிறேன்.

அழிப்பதற்கு முன்னால் இன்ஸ்டாகிராமில் அதை ஆர்க்கைவ் செய்துவிடு. உன் பக்கத்தில் யாருக்கும் தெரியாது, உன்னிடம் அப்படியே இருக்கும். போனில் இருக்கும் அசல் ஃபைலையும் பத்திரமாக வை, ஏனென்றால் மற்ற பக்கங்களிலிருந்து நீக்கச் சொல்ல உன் கையில் இருக்கும் பலமே அதுதான். வீடியோ எடுத்தவள் நீ, அதனால் காப்புரிமை உன்னுடையது. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூப் எல்லாவற்றிலும் காப்புரிமைப் புகாருக்குத் தனிப் படிவம் இருக்கிறது. ஒவ்வொரு பிரதியின் லிங்கையும் போட்டு அனுப்பு. ஒன்று கவனம்: அந்தப் புகாரில் நீ தருகிற பெயரும் மின்னஞ்சலும் எதிராளிக்குப் போகும். இதற்கென்று ஒரு மின்னஞ்சல் தனியாகத் தொடங்கிக்கொள்.

யூடியூபில் தனியுரிமைப் புகார் என்று இன்னொரு வழி உண்டு. அதைப் பொதுவாகப் படத்தில் இருப்பவரே கொடுக்க வேண்டும், அதாவது உன் அத்தை. நீ பக்கத்தில் உட்கார்ந்து உதவலாம்.

வாட்ஸ்அப்பில் போனது போனதுதான். நாம் அனுப்பியதை அழித்தாலும் அடுத்தவர் ஃபார்வர்ட் செய்தது அழியாது.

அப்புறம், அந்தப் பக்கங்களில் போய் "இது பழைய வீடியோ" என்று சண்டை போடாதே. கோபத்தில் உன் ஸ்டோரியில் எடுத்துப் போடவும் வேண்டாம். உன் ஃபாலோயர் எல்லோரும் அந்த அம்மாவை இன்னொரு முறை பார்ப்பார்கள். ரிப்போர்ட் மட்டும் செய். உன் மற்ற ரீல்ஸை யாரும் டவுன்லோட், ரீமிக்ஸ் செய்ய முடியாதபடி செட்டிங்கில் அணைத்து வை. இருந்தாலும் திரையை ரெக்கார்ட் செய்கிறவனை யாராலும் தடுக்க முடியாது.

பதில் 2: காசிமேட்டுப் பையன்

நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்ல வேண்டும். நீங்கள் வீடியோ எடுத்தது தப்பே இல்லை. அதைத் தப்பு என்று யாராவது சொன்னால் அடுத்த வெள்ளத்தில் நம் பக்கத்துப் பிள்ளைகள் போனை எடுக்கவே பயப்படுவார்கள்.

2015 வெள்ளத்தில் அப்பாவும் மாமாவும் ஃபைபர் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் பள்ளிப் பையன், கரையில் உட்கார்ந்து போனைப் பார்த்து எங்கே ஆள் மாட்டியிருக்கிறார்கள் என்று அவர்களுக்குச் சொல்வதுதான் என் வேலை. நூற்றுக்கணக்கில் படங்கள் வந்தன. அதில் பாதிக்கு மேல் எந்தத் தெரு என்றே தெரியாது. அழுகிற முகம் இருக்கும், இடம் இருக்காது. படகு எடுத்துப் போகிறவனுக்குத் தேவை தெருப் பெயர், பக்கத்தில் கோயிலோ ரேஷன் கடையோ இருந்தால் அது, தண்ணீர் எத்தனை அடி, எத்தனை பேர், குழந்தையோ கர்ப்பிணியோ உண்டா என்பதுதான். ஒரு முகத்தை வைத்து நாங்கள் யாரையும் கண்டுபிடித்ததில்லை.

அதனால் அடுத்த முறை சுவரை எடுங்கள், அந்தக் கறுப்புக் கோட்டை எடுங்கள். தேதியையும் நேரத்தையும் தெருவையும் உங்கள் குரலிலேயே சொல்லிக்கொண்டு எடுங்கள். கேப்ஷனை மாற்றிவிடுவார்கள், குரலை மாற்ற ஒரு சோம்பேறிப் பக்கம் மெனக்கெடாது.

பதில் 3: மூலகொத்தளம் அம்மா

இவ்வளவு பேர் பேசியாச்சு, அந்த அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டீர்களா கண்ணு? நேரில் போ. உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகாதே, பெரியவர்கள் பேச்சாக மாறிவிடும். அவர் மகள் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்துப் போ. காரணம் சொல்லாதே, "உதவி கிடைத்ததே" என்று ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதே. அது அவர்களுக்கும் தெரியும்.

எர்ணாவூர்ப் பெண் (மீண்டும்)

மூவருக்கும் நன்றி. அன்றே ஆர்க்கைவ் செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் போனேன்.

அத்தை கதவைத் திறந்துவிட்டு ஒன்றும் பேசாமல் நெத்திலி ஆய உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஆய்ந்தேன். "உங்களைக் கேட்காம போட்டுட்டேன் அத்தை" என்று மட்டும் சொன்னேன். அழுதுவிட்டேன், அடக்க முடியவில்லை.

எனக்குத் தெரியாத ஒன்றை அப்போது சொன்னார். அந்த வீடியோவை அவர் இதுவரை முழுதாகப் பார்த்ததே இல்லையாம். நிச்சயத்தார்த்தத்தில் தூரத்திலிருந்து பார்த்ததுதானாம். காட்டச் சொன்னார். கையைக் கழுவிவிட்டு, போனை வாங்கி இரண்டு முறை பார்த்தார். "நான் துணியில்லாம நிக்கிற மாதிரி எல்லாம் பேசினாங்க. அப்படி ஒண்ணும் இல்லையே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இருந்தாலும் எடுத்துடு. அந்தச் சுவரு மட்டும் இருக்கட்டும்" என்றார்.

அவர் வரும் பகுதியை வெட்டிவிட்டு, சுவரும் தண்ணீரும் மட்டும் உள்ள 19 விநாடியை அவரிடமே காட்டிய பிறகு, தேதியோடு போட்டேன். பழையதை முழுதாக அழித்துவிட்டேன். அசல் ஃபைலை மட்டும், படிவங்கள் முடியும்வரை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன், சரி என்றார்.

படிவங்களை அவர் வீட்டிலேயே உட்கார்ந்து அனுப்பினேன். ஒரு பக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இன்னும் இரண்டு இருக்கிறது. யூடியூபில் ஒன்று, அதற்கு அத்தையின் பெயரில் புகார் கொடுக்க வேண்டும். புதன்கிழமை கல்லூரி விட்டு வந்ததும் வரச் சொல்லியிருக்கிறார்.