உப்பூர் வீட்டு வகையறா

உப்பூர் பெரியப்பா: நாலு குளத்திலும் ஆக்சிஜன் மீட்டர் மாட்டியாச்சு. கொட்டகைக் கம்ப்யூட்டரில் கிறுக்கலாகத்தான் வருகிறது. ராத்திரி இறால் மேலே வந்து மிதந்தது. யாராவது பாருங்கப்பா

தொண்டி அத்தை: முதலில் தண்ணீரில் காற்றைக் கலக்குகிற ஏரேட்டரைப் போடுங்கண்ணே

உப்பூர் பெரியப்பா: அது ஓடுது. ஒன்றாம் குளத்துப் பெட்டி மட்டும் இருந்தால் சரியாக வருகிறது, மற்றதையும் சேர்த்தால்தான் இப்படி

மண்டபம் சேது: அப்படியென்றால் பெட்டி கெடவில்லை பெரியப்பா. ஒரு மீட்டர் மட்டும் பேசுகிற ஆர்எஸ் 232 இணைப்பை, பல மீட்டர் ஒரே ஜோடிக் கம்பியில் பேசுகிற ஆர்எஸ் 485 ஆக்குகிற பெட்டி, கடையிலிருந்து வரும்போது பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் முகவரி 1தான் இருக்கும். கம்ப்யூட்டர் ஒன்றாம் நம்பரைக் கேட்டதும் நாலும் அதே இரண்டு கம்பியில் ஒன்றாகக் கத்தும், ஒன்றும் விளங்காது

கீழக்கரை சேது: தாத்தா பேரை நம் நாலு பேருக்கும் வைத்த மாதிரி 😂

சித்தி: நான் வேறு பேர் சொன்னேன். யார் கேட்டார்கள்

உப்பூர் பெரியப்பா: முகவரியை எப்படி மாற்றுவது

மண்டபம் சேது: எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரே ஒரு பெட்டியை லேப்டாப்பில் மாட்டி, முகவரி போட்டு, கரண்டை நிறுத்திப் போட்டு, திரும்பக் கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் அடுத்த பெட்டிக்கு 2. நாலும் சேர்ந்திருக்கும்போது மாற்றினால் நாலும் 2 ஆகிவிடும். வேகம் எல்லாவற்றுக்கும் 9600, பாரிட்டி என்கிற பிழை பார்க்கும் அமைப்பும் ஒன்றே. நம்பரைப் பெயின்டில் எழுதுங்கள், உப்புக்காற்றுக்கு ஸ்டிக்கர் நிற்காது

தொண்டி சேது: அந்த இரண்டு கம்பி, ஏ-யும் பி-யும் மாறியிருக்கும். எனக்கு அப்படித்தான் ஆச்சு

மண்டபம் சேது: அதையும் பாருங்கள். கம்பி குளம் குளமாகப் போகிறதா, கிளை பிரிகிறதா?

உப்பூர் பெரியப்பா: மூன்றாம் குளத்துக்கு மட்டும் நடுவில் வெட்டிச் சுற்றி இழுத்தோம். உன் சித்தப்பன் வரப்பில் விடமாட்டேன் என்றான்

சித்தப்பா: வரப்பு என்னுடையது. அளந்துவிட்டுப் பேசவும்

கீழக்கரை சேது: ஆரம்பிச்சாச்சு

மண்டபம் சேது: கிளை நீண்டால் சிக்னல் முனையில் மோதித் திரும்பும். ஒரே தொடராக இழுத்து, இரண்டு கடைசி முனைக்கு மட்டும், சிக்னல் திரும்பாமலிருக்க 120 ஓம் ரெசிஸ்டர். நாலு பெட்டியிலும் அந்த ரெசிஸ்டர் சுவிட்சைப் போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள், கம்பிக்குப் பாரம். மெதுவான வேகத்தில் 1200 மீட்டர் வரை போகும், நமக்கு 400கூட இல்லை

தொண்டி அத்தை: சனிக்கிழமை நீயே வந்து பார்த்துவிடு. அப்படியே அப்பத்தா திதி, தேவிபட்டினம் போகலாம்

சித்தி: போன வருஷமே சேதுக்கரை என்று பேசியாச்சு

தொண்டி அத்தை: யார் பேசியது?

மண்டபம் சேது: திதி வெள்ளியா, சனியா?

சித்தப்பா: 🙏

உப்பூர் பெரியப்பா: இரண்டாம் பெட்டிக்கு 2 போட்டேன். இரண்டு குளமும் வருகிறது!! மூன்றுதான் இல்லை

மண்டபம் சேது: அது வரப்புப் பிரச்சினை பெரியப்பா

சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது