பரிணாமப் பாடம் நடத்த உதவி வேணும்ங்க

வணக்கம்ங்க. காங்கேயம் பக்கம் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். அடுத்த வாரம் பரிணாமப் பாடம். போன பெற்றோர் கூட்டத்தில் ஒரு அப்பா, “சாமி படைச்சதையும் சேர்த்துச் சொல்லிக் குடுங்க டீச்சர், பசங்களே முடிவு பண்ணட்டும்” என்றார். தங்கமான மனுசர், பொறுமையாகத்தான் கேட்டார். அதனால்தான் என்ன பதில் சொல்வதென்று இத்தனை யோசிக்கிறேன்.

நானும் சிவன்மலைக்கு நடந்து போகிறவள்தான். ஆனால் அறிவியல் வகுப்பில், சோதித்துப் பார்க்க முடிந்ததைத்தான் சொல்லித்தர வேண்டும். பரிணாமம் நடத்தினால் படைப்பையும் சேர்த்தே நடத்தணும் என்ற லூசியானா மாநிலச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987-இல் செல்லாது என்றது. இங்கே 2023-இல், மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. தன் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமத்தையே எடுத்துவிட்டது; நம்ம மாநிலப் புத்தகத்தில் இருக்கிறது. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

புழுவைக் கொல்லும் நஞ்சைத் தானே உண்டாக்கும்படி மரபணு மாற்றிய பி.டி. பருத்திக்கும் அசராதபடி, தலைமுறை தலைமுறையாக மாறிவிட்ட இளஞ்சிவப்புக் காய்ப்புழுவை வைத்துத் தொடங்கப்போகிறேன். காயைப் பிளந்தால் விதைக்குள் சுருண்டு கிடக்குமே, அதைப் பசங்க கண்ணால் பார்க்கணும். பருத்தி போட்டவர்கள் யாராவது புழு விழுந்த காய் நாலு தர முடியுமா? அப்புறம், அரியலூர்ப் பக்கம் கிடைத்த அம்மோனைட் கல் (அழிந்துபோன கடல் உயிரியின் புதைபடிவம்) வைத்திருப்பவர்கள் ஒரு வாரம் இரவல் தந்தால் பத்திரமாகத் திருப்பித் தருகிறேன். அந்த அப்பாவிடம் மனம் நோகாமல் எப்படிப் பேசலாம் என்றும் சொல்லுங்க.