பூண்டு விளையும் மலையில் ஒரு பூண்டு இறால்

தபாஸ் எனப்படும் ஸ்பானியச் சிறுதட்டு உணவுகளுக்கென்றே ஓர் உணவகம் கொடைக்கானலில் திறந்திருப்பதாக அறிந்து, சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை நாங்கள் நால்வர் போயிருந்தோம். கிரனாடா நகரில் இரண்டாண்டுகள் படித்துத் திரும்பிய என் அக்கா மகள் உடன் வந்ததால், எதைக் கேட்பது என்ற குழப்பம் எங்களுக்கு இல்லை. அந்த ஊரில் ஒரு குவளை பானம் வாங்கினால் ஒரு சிறுதட்டை விலையின்றியே வைப்பார்கள் என்று அவள் வழியெல்லாம் சொல்லி வந்ததை, விலைப்பட்டியலைக் கண்டதும் மறந்துவிட முயன்றேன்.

முதல் தட்டு வர ஐம்பது நிமிடங்கள் ஆயின. பெயர்ப்பலகையைத் தபஸ் என்றே படித்திருந்த என் மனைவி, பெயரில் பிழையொன்றும் இல்லை என்றார்.

வந்தது பத்தாத்தாஸ் பிராவாஸ், அதாவது காரமான சாறு ஊற்றிய பொரித்த உருளைக்கிழங்கு. மேலே நன்றாகச் சிவந்திருந்த கிழங்கு உள்ளே நறுக்கென்று பச்சையாகவே இருந்தது. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரமுள்ள இந்த ஊரில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுவதால், பொரிக்கும் முன் கிழங்கைச் சமவெளிக் கணக்கில் வேக வைத்தால் அது வேகாது என்பது இங்கே அடுப்பு மூட்டும் எவருக்கும் தெரியும். சாற்றில் காரமே இல்லை. பாட்டில் தக்காளி சாஸின் இனிப்புதான் இருந்தது. ஏழு துண்டுகளுக்கு 380 ரூபாய்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன், அடுத்து வந்த இறாலைத்தான் பொறுக்க முடியவில்லை. ஸ்பானிய மொழியில் ஆஹோ என்றால் பூண்டு. காம்பாஸ் அல் அஹீயோ என்பது, ஆலிவ் எண்ணெயில் பூண்டைப் பொன்னிறமாக்கி, காய்ந்த மிளகாயோடு இறாலைப் புரட்டி, சட்டி கொதித்துக்கொண்டிருக்கும்போதே மேசையில் வைக்க வேண்டிய பண்டம். எங்கள் சட்டி ஆறிப்போயிருந்தது. எண்ணெயிலிருந்து எழுந்ததோ புட்டியில் அடைத்த பூண்டு விழுதின் புளித்த வாடை. பனிக்கட்டியில் மலையேறி வந்த இறால் சவசவவென்று இருந்ததை மன்னிக்கலாம். ஆனால் நான் கொடைக்கானலை அடுத்த பூம்பாறையில் பூண்டு பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவன். 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு, உரிக்கும்போதே கண்ணைக் கரிக்கும் அந்தப் பூண்டு, இதே ஊர்க் கடைகளில் குவிந்து கிடக்கையில், புட்டிக்கு என்ன தேவை என்று மேலாளரிடம் கேட்டேன். அதன் காரம் வெளியூர்க்காரர்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்றும், அவ்வளவு சிறிய பல்லை உரிக்க ஆள் கிடைப்பதில்லை என்றும் அவர் பணிவாகவே விளக்கினார். இரண்டாவது காரணத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டிலும் உரிக்கும் வேலை வந்தால் ஆளாளுக்கு நழுவுவார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. கடைசியில் வந்த தோர்த்தியா, அதாவது முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்த தடித்த அடை, உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதற்குரிய கிழங்கு தண்ணீரில் வேகாமல் எண்ணெயில் மெதுவாக வதங்குவதால், மலையின் உயரம் அதைக் கெடுக்கவில்லை போலும். நடுப்பகுதி இளகலாக இருந்ததைக் கண்டு, “மாமா, அங்கே சாப்பிட்டது போலவே இருக்கிறது” என்ற அக்கா மகள் இன்னொன்று கேட்டாள். மேலும் நாற்பது நிமிடங்கள் ஆகும் என்றார்கள். பணத்தைக் கட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டோம்.