லெசோத்தோவில் உழைப்பின் உற்பத்தித் திறன் குறைவு என்பதன் பொருள் என்ன?

பேரணாம்பட்டு மாணவி:

அனைவருக்கும் வணக்கம். நான் வேலூரில் முதுகலைப் பொருளியல் படிக்கிறேன். லெசோத்தோ நாட்டின் தொழில்துறை உற்பத்தியும் உழைப்பின் உற்பத்தித் திறனும் என்ற தலைப்பில் கருத்தரங்கக் கட்டுரை எழுதும்படி கொடுத்திருக்கிறார்கள். நாற்புறமும் தென்னாப்பிரிக்காவால் சூழப்பட்ட, ஏறக்குறைய 30,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மலைநாடு அது. மக்கள்தொகை நம் பழைய வட ஆற்காட்டு மாவட்டத்தினுடையதைவிடக் குறைவு. 2000-ஆம் ஆண்டு அமெரிக்கா ஆப்பிரிக்க நாடுகளுக்கென்று கொண்டுவந்த வரிச்சலுகைச் சட்டத்தைப் பற்றிக்கொண்டு, தலைநகர் மசேருவிலும் மபுட்சோவிலும் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் தைக்கும் கம்பெனிகள் பெருகின. இன்றும் அந்நாட்டில் தனியார் துறையில் மிகுதியானோருக்கு வேலை கொடுப்பது அந்தத் தையல் தொழில்தான்.

நான் படித்த பாடநூல் விளக்கம், அங்கே ஒரு தொழிலாளி உருவாக்கும் மதிப்பு குறைவு, திறன் பயிற்சி போதாததே அதற்குக் காரணம், கூலி குறைவாக இருப்பதும் அதனால்தான் என்று மூன்றே வரியில் முடிந்துவிடுகிறது. என் அம்மா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கிறார். நான் படித்துக் காட்டியதைக் கேட்டுவிட்டு, "அங்கயும் அதே மெஷின்தானே, அப்புறம் எப்படிக் குறையும்?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்னொரு குழப்பமும் இருக்கிறது: உலக வங்கியின் அட்டவணையில் 'தொழில்துறை' என்று ஒரு வரிசையும் 'ஆலை உற்பத்தி' என்று வேறொரு வரிசையும் உள்ளன. கட்டுரைக்கு எதை எடுத்துக்கொள்வது? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

குடியாத்தம் புள்ளியியல்:

இரண்டாவது கேள்வி எளிது என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். தேசியக் கணக்கில் 'தொழில்துறை' என்பது ஆலைகள் மட்டும் அன்று. சுரங்கம், மின்சாரம், குடிநீர், கட்டுமானம் எல்லாம் அதற்குள் அடங்கும். லெசோத்தோவைப் பொறுத்தவரை இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டால் கட்டுரையே திசைமாறிவிடும். தென்னாப்பிரிக்காவுக்குத் தண்ணீர் விற்பதற்காக 1986-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, 185 மீட்டர் உயரமுள்ள கட்சே அணையை 1990-களில் கட்டினார்கள். அதைத் தொடர்ந்து மொஹாலே அணை. இப்போது பொலிஹாலி அணை வேலை நடக்கிறது. அணை எழும் ஆண்டுகளில் கட்டுமானத்தின் மதிப்பு ஏறும், முடிந்ததும் இறங்கும். லெட்செங் வைரச் சுரங்கத்தில் ஆட்கள் குறைவு, எடுக்கும் கல்லின் விலையோ மிக அதிகம். இவை அனைத்தையும் பல்லாயிரம் தையல் பெண்களோடு சேர்த்துக் கூட்டி, தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் கிடைக்கும் எண், அந்நாட்டில் யாருடைய உழைப்பையும் குறிக்காது. ஆகவே ஆலை உற்பத்தியைத் தனியாக எடுங்கள்.

வகுக்கும் எண்ணிலும் சிக்கல் உண்டு. அங்கே தொழிலாளர் கணக்கெடுப்பு நம் நாட்டைப் போல ஆண்டுதோறும் நடப்பதில்லை. 2008-இல் நடந்த பெரிய கணக்கெடுப்புக்குப் பிறகு அடுத்தது 2019-இல்தான் நடந்தது. இடைப்பட்ட ஆண்டுகளுக்குப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு கணித மாதிரி வழி மதிப்பீட்டின் மூலம் எண்களை இட்டு நிரப்புகிறது. அட்டவணையில் எல்லா ஆண்டுக்கும் எண் இருப்பதைப் பார்த்து, எல்லா ஆண்டும் யாரோ வீடு வீடாகப் போய் எண்ணினார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அத்தகைய வரிசையில் ஓர் ஆண்டு 2 விழுக்காடு ஏறியது, மறு ஆண்டு 1 விழுக்காடு இறங்கியது என்பதற்கெல்லாம் காரணம் தேடிப் பக்கம் பக்கமாக எழுதும் ஆய்வுக் கட்டுரைகளை நான் நிறையத் திருத்தியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், வேண்டாம்.

ராணிப்பேட்டை லைன்:

தங்கை, உங்கள் அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. நான் தையல் மெஷின் டெக்னீசியனாக மசேருவில் நான்கு ஆண்டுகள் இருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மெஷின் அதேதான். நம் ஊரில் ஓடும் அதே வகை ஜப்பான் மெஷின்கள், அதே ஊசி, அதே வேகம். நன்றாகப் பழகிய ஒரு பெண் ஜீன்ஸின் பின்பாக்கெட்டை வைத்துத் தைக்கும் நேரத்துக்கும் இங்கே ஆம்பூரில் ஒரு பெண் அப்பரில் ஒரு தையல் போடும் நேரத்துக்கும் கைவேகத்தில் பெரிய வேறுபாட்டை நான் பார்த்ததில்லை. வேறுபாடு வருவது கணக்குப் புத்தகத்தில்.

எடுத்துக்காட்டுக்காக ஒரு கணக்கைப் போட்டுக்காட்டுகிறேன். இவை நானே எளிமைக்காக வைத்துக்கொண்ட எண்கள். ஒரு ஜீன்ஸ் 7 டாலருக்குக் கப்பலேறுகிறது என்று கொள்வோம். துணி 4 டாலர். ஜிப், பட்டன், நூல் 1 டாலர். மின்சாரம், சலவை மருந்து, டர்பன் துறைமுகம் வரையிலான லாரி வாடகை, கட்டட வாடகை எல்லாம் சேர்த்து 75 சென்ட். மீதி 1.25 டாலர்தான் அங்கே கூட்டிய மதிப்பு. தொழிலாளியின் கூலியும் கம்பெனியின் லாபமும் அதற்குள் அடக்கம். இனி, துணியை வாங்குபவரே அனுப்பிவிட்டு, வெட்டித் தைத்துக் கொடுப்பதற்கு மட்டும் காசு கொடுக்கிறார் என்றால், கம்பெனியின் மொத்த உற்பத்தி 7 டாலரிலிருந்து 3 டாலராகச் சுருங்கிவிடும். தைத்த கை அதே கை, தைத்த ஜீன்ஸ் அதே ஜீன்ஸ். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஜாப் ஒர்க்குக்கு அப்பர் தைத்துக் கொடுக்கும் கடைக்கும், தோலும் சோலும் சொந்தமாக வாங்கி முழு ஷூவாக ஏற்றுமதி செய்யும் கம்பெனிக்கும் உள்ள வேறுபாடுதான் அது.

அடுத்த படிக்கு வருவோம். அங்கே பெரும்பாலான ஆடைக் கம்பெனிகள் தைவான்காரர்களுடையவை. தென்னாப்பிரிக்கா மீது பொருளாதாரத் தடை இருந்த 1980-களில் தொடங்கி வந்து சேர்ந்தவர்கள். ஆர்டர் பிடிப்பது, துணி வாங்குவது, விலை பேசுவது, பணம் வாங்குவது எல்லாம் கடல் கடந்த தலைமை அலுவலகத்தில் நடக்கும். மசேரு கிளையின் கணக்கில் வருவது, செலவுக்கு மேல் கொஞ்சம் என்று தலைமை அலுவலகமே நிர்ணயித்த தையல் கூலி. அப்படியானால் அந்தக் கிளையின் 'கூட்டிய மதிப்பு' என்பது பெரும்பகுதி அது கொடுக்கும் சம்பளமேதான். பாடநூல் என்ன சொல்கிறது? உற்பத்தித் திறன் குறைவாக இருப்பதால் கூலி குறைவு என்கிறது. இத்தகைய கம்பெனியில் கூலி குறைவாக இருப்பதால்தான் உற்பத்தித் திறன் குறைவாக *எழுதப்படுகிறது*. நாளைக்கே சம்பளத்தை உயர்த்தி, தலைமை அலுவலகமும் அதற்கேற்பத் தையல் கூலியை உயர்த்திக் கொடுத்தால், ஒரு தையல்கூடக் கூடாமலே அவர்களுடைய உற்பத்தித் திறன் ஏறிவிடும்.

துணி அங்கேயே நெய்யப்பட்டால் நிலைமை மாறும். வேற்று நாட்டுத் துணியில் தைத்தாலும் வரிச்சலுகை உண்டு என்ற விதி முதலில் 2004-இல் முடிவதாக இருந்தது. அந்த நெருக்கடியில் 2004-இல் மசேருவில் ஒரு டெனிம் ஆலை திறக்கப்பட்டது. நெசவாலைக்கு ஆட்கள் குறைவு, இயந்திரம் அதிகம் என்பதால் நாட்டின் சராசரி ஏறும்; தையல்காரப் பெண்ணின் கணக்கில் ஒன்றும் மாறாது. பிறகு அந்த விதி நீட்டிக்கப்பட்டுக்கொண்டே போனதால், அடுத்த ஆலைக்கு முதல் போட யாருக்கும் அவசரம் இருக்கவில்லை.

(ஜூன், ஜூலையில் அங்கே குளிர் எலும்பைத் துளைக்கும். வெயிலூர் என்று பெயர் வாங்கிய ஊரிலிருந்து போன நான் முதல் குளிர்காலத்தில் அயர்ன் மேசைப் பக்கத்தை விட்டு நகரவே இல்லை.)

வாணியம்பாடி ஃப்ளோர்:

மேலே எழுதிய அண்ணன் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கணக்குப் புத்தகத்தின் மேல் எல்லாப் பழியையும் போட்டுவிட்டு லைனை விடுவித்துவிட எனக்கு மனமில்லை. இருபது ஆண்டுகளாக ஷூ கம்பெனியில் உற்பத்தி மேற்பார்வை செய்பவன் நான். கைவேகம் ஒன்றாகவே இருந்தாலும் நாள் முடிவில் வரும் ஜோடிகள் ஒன்றாக இருப்பதில்லை. கட்டிங்கிலிருந்து பண்டல் வரத் தாமதம், லைனிங் வரவில்லை, ஸ்டைல் மாறிய முதல் மூன்று நாள், நடுவில் ஒருவர் வராததால் அவருக்குப் பின்னால் இருக்கும் பத்துப் பேர் கை கட்டி நிற்பது என்று இழப்பு நூறு வழியில் வரும். லெசோத்தோவில் வயது வந்தோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்த காலத்தில் வருகைப் பதிவேடு எப்படி இருந்திருக்கும்? 2006-இல் ஆடைக் கம்பெனிகளுக்குள்ளேயே பரிசோதனையும் மருந்தும் கொடுக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியதற்குக் கருணை மட்டும் காரணமாக இருந்திருக்காது.

மேற்பார்வையாளர் சீன மொழி பேசுபவர், தொழிலாளி செசோத்தோ பேசுபவர் என்னும் நிலையும் அங்கே உண்டு. தையல் தவறினால் அதை ஏன், எப்படி என்று சொல்லிக் கொடுப்பதற்குப் பதிலாகத் துணியைத் தூக்கிக் காட்டிக் கத்துவதுதான் நடக்கும். நம் பக்கத்தில் அப்பர் லைனில் நின்றவரே சூப்பர்வைசராகவும், பிறகு சொந்தமாக ஜாப் ஒர்க் கடை போடுபவராகவும் ஆகிறார். அந்த ஏணி அங்கே கீழ்ப்படியிலேயே முறிந்திருக்கிறது என்பதை உங்கள் பாடநூல் 'திறன் பயிற்சி போதாது' என்று சுருக்கிவிட்டது போலும்.

ஒப்பிட ஒரு நாடு வேண்டுமென்றால் மொரீஷியஸை எடுங்கள். 1970-இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் போட்ட நாடு. ஹாங்காங்காரர்களோடு உள்ளூர்ச் சர்க்கரை ஆலை முதலாளிகளும் கரும்பில் வந்த பணத்தை ஆடைத் தொழிலில் போட்டார்கள். முதலாளி உள்ளூரில் இருந்ததால் வடிவமைப்பு, நூற்பு, விலை பேசுதல் என்று மேலே ஏற முடிந்தது. உலக ஆடை வணிகத்தில் நாட்டுக்கு இவ்வளவுதான் என்று வரையறுத்த ஒதுக்கீட்டு முறை 2005 ஜனவரி 1-இல் முடிந்ததை ஒட்டி அங்கேயும் பல கம்பெனிகள் மூடப்பட்டு ஏராளமானோர் வேலை இழந்தார்கள். கவனியுங்கள்: அப்படி மூடும்போது நலிந்தவை போய் வலுத்தவை மிஞ்சுவதால், மிஞ்சியவர்களின் சராசரி உற்பத்தித் திறன் ஏறும். வேலை இழந்தவர் அந்த வகுத்தலில் வரவே மாட்டார்.

பேரணாம்பட்டு மாணவி:

மூவருக்கும் மிக்க நன்றி. அம்மாவிடம் இவை அனைத்தையும் படித்துக் காட்டினேன். அவர் தன் டார்கெட் நோட்டை எடுத்து வந்து காட்டினார். ஒரு நாள் முழு எண்ணிக்கை, மறுநாள் பாதி, அதன் பக்கத்தில் 'தோல் வரல' என்று எழுதியிருந்தது. பாதி எண்ணிக்கை வந்த நாளிலும் அவர் கம்பெனியில் இருந்த நேரம் அதேதான்.

இன்னும் ஓர் ஐயம். 2025-இல் அமெரிக்கா லெசோத்தோவுக்கு 50 விழுக்காட்டு வரி என்று ஏப்ரலில் அறிவித்து, ஆகஸ்டில் 15 ஆகக் குறைத்தது. செப்டம்பர் இறுதியில் அந்தப் பழைய சலுகைச் சட்டத்தின் காலமும் முடிந்தது. இடையில் ஆர்டர்கள் நின்றன; வேலையின்மையின் காரணமாக ஜூலையில் அந்நாடு பேரிடர் நிலையையே அறிவித்தது. இப்படிப்பட்ட ஆண்டின் எண்ணைக் கட்டுரையில் சேர்க்கலாமா? டாலர் மதிப்பில் போடுவதா, அவர்களுடைய நாணயமான லோட்டியிலேயே போடுவதா?

குடியாத்தம் புள்ளியியல்:

உங்கள் அம்மாவின் நோட்டே இதற்குப் பாதி விடை சொல்லிவிட்டது. ஆர்டர் இல்லாத மாதத்தில் ஆட்களை நீக்காமல் அரை நாள் வேலைக்கு வரச் சொன்னால், தலைக்கணக்கில் உற்பத்தித் திறன் பாதியாகத் தெரியும். மணிக்கணக்கில் பார்த்தால் அவ்வளவு விழாது. எனவே வேலை செய்த மணிநேரத்தால் வகுக்க முடிந்த ஆண்டுகளுக்கு அப்படியே வகுங்கள். இந்தியாவோடு ஒப்பிடும்போதும் இது உதவும்: நம் பழைய தொழிற்சாலைச் சட்டத்தில் வாரம் 48 மணி நேரம், அவர்களுடைய 1992-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பில் 45 மணி நேரம் என்று இருந்தது. 2025-ஐச் சேர்க்கலாம், ஆனால் அதை வைத்துப் போக்கு எதையும் நிறுவ வேண்டாம்.

நாணயத்தைப் பொறுத்தவரை, லோட்டி தென்னாப்பிரிக்க ரேண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று என்று கட்டப்பட்டது. 2001 இறுதியில் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 12 ரேண்டாக இருந்தது, 2004 இறுதியில் 6-க்கும் கீழே வந்தது. இந்த மூன்று ஆண்டுகளுக்கு அன்றன்றைய டாலர் மதிப்பில் கணக்குப் போட்டால், அதே பெண் அதே மெஷினில் அமர்ந்தபடியே இரண்டு மடங்கு உற்பத்தித் திறன் பெற்றுவிட்டதாக வரும். உண்மையில் ரேண்டு வலுத்த அதே காலத்தில்தான் டாலரில் விற்று லோட்டியில் சம்பளம் கொடுத்த கம்பெனிகள் மூச்சுத் திணறின, சில பூட்டப்பட்டன. நிலையான விலையில், லோட்டியில் போடுங்கள்.

ராணிப்பேட்டை லைன்:

ஒன்று விட்டுப்போயிற்று. ஜீன்ஸ் எத்தனை என்ற எண்ணிக்கையைச் சுங்கத் துறையின் ஏற்றுமதிப் பதிவுகளில் எடுக்கலாம். அதை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்து ஒரு பத்தியிலும், கூட்டிய மதிப்பை அதே எண்ணிக்கையால் வகுத்து இன்னொரு பத்தியிலும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். டி-ஷர்ட்டையும் ஜீன்ஸையும் ஒன்றாகக் கூட்டிவிடாதீர்கள், தங்கை. ஒரு ஜீன்ஸ் தைக்கும் நேரத்தில் சில டி-ஷர்ட்டுகள் தைத்துவிடலாம்.