வெள்ளம் தெருவுக்குள் வரும் இரவில் உத்தரவு போடுவது யார்?

ஆற்றங்கரை வார்டு உறுப்பினர்:

தாமிரபரணிக் கரையில் ஒரு பேரூராட்சி எங்களுடையது. 2022 பிப்ரவரித் தேர்தலில் வென்று வந்த வார்டு உறுப்பினர் நான். வடகிழக்குப் பருவமழைக்கு முன் மன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவர நினைக்கிறேன். அதற்கு முன் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் நாள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்த அதே மழைதான். இரவு எட்டு மணிக்கு எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். ஆறு இன்னும் ஊருக்குள் ஏறவில்லை. குளம் மறுகால் பாய்ந்து வாய்க்கால் வழியாக வந்த வெள்ளம் அது. தெருவின் கிழக்குக் கோடியில் உயர்த்திப் போட்ட சிமெண்டுச் சாலை அதை அணைபோல் தடுத்து நின்றது. சாலைக்குக் குறுக்கே நான்கடி வெட்டிவிட்டால் தண்ணீர் வயலில் இறங்கிவிடும். தெருப் பெரியவர்களுக்கு இது தெரியும். 1992 வெள்ளத்தில் அதே இடத்தில்தான் மண்வெட்டியால் வெட்டிவிட்டார்கள். அப்போது அது மண் சாலை.

ஜே.சி.பி. வண்டி பக்கத்துத் தெருவிலேயே நின்றது. ஓட்டுநர் ஏறி உட்கார்ந்தும்விட்டார். உரிமையாளர் கேட்டது ஒன்றுதான்: "சாலையை யார் வெட்டச் சொன்னார்கள் என்று நாளைக்குக் கேட்டால், நான் யாரைக் காட்டுவது அக்கா?" பேரூராட்சியில் உத்தரவு போடும் அதிகாரம் செயல் அலுவலர் என்ற அரசு அதிகாரியிடம்தான். எங்கள் செயல் அலுவலர் இரண்டு பேரூராட்சிகளுக்குப் பொறுப்பு. அன்று ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தார். கைபேசிகள் எல்லாம் செத்துக் கிடந்தன. தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களோடு தண்ணீரில்தான் நின்றார். "உத்தரவு போட எனக்கு அதிகாரம் இல்லையே" என்றார். அவர் சொன்னது உண்மை.

இரண்டரை மணி நேரம் அப்படியே போனது. கடைசியில், என் மகளின் கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, "என் பொறுப்பில் வெட்டச் சொன்னேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உரிமையாளர் அதை ஒரு பால் கவருக்குள் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வண்டியை எடுக்கச் சொன்னார். அரை மணி நேரத்தில் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கிவிட்டது. ஆனால் அதற்குள் கோடி வீட்டு ஆச்சியின் மண்சுவர் சரிந்துவிட்டது. ஆச்சியைக் கட்டிலோடு தூக்கி வந்தோம். ஒரு வருடச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த நெல் போய்விட்டது.

அப்படி எழுதிக் கொடுக்க எனக்குச் சட்டப்படி துளியும் அதிகாரம் கிடையாது. அவசர காலத்தில் அந்த அதிகாரம் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்தின் தலைவரிடம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற செயல் அலுவலர்:

அம்மா, நீங்கள் செய்ததைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தலைவரிடம் கொடுப்பதை நான் ஏற்கவில்லை.

முதலில் சட்டம். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் அதிகாரத்தை மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்திடம் வைத்திருக்கிறது. அதன் தலைவர் ஆட்சியர். ஒப்பந்தப்புள்ளி கோராமல் அவசரக் கொள்முதலுக்கு அனுமதிக்க 50ஆவது பிரிவு வழி செய்கிறது. அந்த அனுமதியைத் தர வேண்டியதும் ஆணையம்தான். உள்ளாட்சி அதன் கட்டளைக்கு உட்பட்டே இயங்க முடியும். 2025ஆம் ஆண்டுத் திருத்தம் மாநகராட்சி உள்ள நகரங்களுக்குத் தனி ஆணையம் அமைக்க வழி செய்தது. அதிலும் மாநகராட்சி ஆணையர் தலைவர், ஆட்சியர் துணைத் தலைவர். தலைமையை மேயரிடம் கொடுக்கவில்லை. திருநெல்வேலி மாநகருக்கு அது பொருந்தலாம். உங்கள் பேரூராட்சி அதற்குள் வராது.

இனி என் அனுபவம். ஒரு வெள்ளத்தில் மணல் மூட்டைக்கும் டிராக்டருக்கும் வாய்மொழியாக உத்தரவு போட்டேன். நான்கு ஆண்டுகள் கழித்துத் தணிக்கைத் தடை வந்தது. எத்தனை மூட்டை, எந்த இடம், அளவுப் புத்தகம் எங்கே என்று கேட்டார்கள். கரையில் போட்ட மூட்டை கரையோடு போய்விட்டது, எதை அளந்து காட்டுவேன்? என் ஓய்வூதியப் பலன்கள் அதற்காக நிறுத்திவைக்கப்பட்டன. தலைவர் பதவிக்காலம் முடிந்து வீட்டில் இருந்தார், அவரை யாரும் கேட்கவில்லை. பதில் சொல்லக் கடமைப்பட்டவன் எவனோ, அவனிடம்தான் அதிகாரம் இருக்க வேண்டும்.

மானூர்ப் பக்கத்து விவசாயி:

எங்கள் ஊர் கிராம ஊராட்சி. 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி தலைவரே நிர்வாக அதிகாரி. ஆனால் காசோலைக்குத் துணைத் தலைவர் கையெழுத்தும் வேண்டும். எங்கள் ஊரில் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கு வாடகை கொடுக்க முடியாமல் மூன்று நாள் போயிற்று. அதே சட்டத்தின் 203ஆவது பிரிவின்படி அவசரத்தில் ஆட்சியரே வேலையைச் செய்யச் சொல்லலாம். ஆனால் அந்த வாரம் கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்தையே தண்ணீர் சூழ்ந்திருந்தது.

மானூர்க் கோயில் கல்வெட்டு ஏறத்தாழ 1,200 ஆண்டுப் பழமையானது. சபையில் எதற்கெடுத்தாலும் 'அன்று', அதாவது 'இல்லை', என்று மறுத்துக் காரியத்தைக் கெடுப்பவருக்கு ஐந்து காசு தண்டம் என்று அதில் விதித்திருக்கிறார்கள். தடுப்பவனுக்குத் தண்டம் வைத்த ஊர் இது. இன்று செய்பவனுக்குத்தான் தண்டம்.

பலசரக்குக் கடை:

தலைவருக்கு மொத்த அதிகாரம் கொடுக்கச் சொல்லும் அக்காவிடம் ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் அந்த வாரம் குடிநீர் லாரியும் ஜெனரேட்டரும் தலைவர் சொன்ன தெருக்களுக்குத்தான் போயின. எங்கள் தெருவுக்கு லாரி வந்தது நான்காம் நாள். எந்தத் தெரு என்று நான் எழுதாமலே இந்தச் சீமைக்காரர்களுக்குப் புரியும். மூன்று நாளும் என் கடையில் இருந்த தண்ணீர் பாட்டில்களைக் குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கு எண்ணி எண்ணிக் கொடுத்தேன். அதிகாரி ஊரில் இல்லாதது ஆபத்து என்றால், ஊருக்குள்ளேயே இருந்துகொண்டு ஆள் பார்ப்பவர் இன்னும் பெரிய ஆபத்து.

ஆற்றங்கரை வார்டு உறுப்பினர்:

கடைக்கார அண்ணாச்சி சொன்னதைப் படித்துவிட்டு இரவெல்லாம் யோசித்தேன். எங்கள் தலைவர் நல்லவர் என்பதால் அந்தக் கோணத்தில் நான் பார்க்கவே இல்லை. அடுத்த தலைவர் எப்படியிருப்பார் என்று யாருக்குத் தெரியும்? ஆளை நம்பிச் சட்டம் கேட்டது என் தவறு.

தீர்மானத்தை இப்படி மாற்றுகிறேன். அதிகாரம் முதலில் செயல் அலுவலருக்கு. அவரை ஒரு மணி நேரத்துக்குள் தொடர்புகொள்ள முடியாவிட்டால் தலைவருக்கு, அவரும் இல்லையென்றால் துணைத் தலைவருக்கு. ஆனால் தலைவரோ துணைத் தலைவரோ போடும் உத்தரவில் வேறு வார்டு உறுப்பினர் ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அது 24 மணி நேரம்தான் செல்லும். ஜே.சி.பி., மோட்டார், ஜெனரேட்டர், தண்ணீர் லாரி எல்லாவற்றுக்கும் வாடகையை மழைக்கு முன்பே பேசி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட வேண்டும். எந்தத் தெருவுக்கு எப்போது எது போனது என்பதையும் அதே பலகையில் எழுத வேண்டும். ஐயா சொன்ன தணிக்கைக்காக, வேலைக்கு முன்னும் பின்னும் கைபேசியில் படம்.

ஐயா, மன்றத் தீர்மானம் மட்டும் இதற்குப் போதுமா? 50ஆவது பிரிவின்படி ஆட்சியரிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்க முடியுமா? மாதிரிக் கடிதம் இருந்தால் அனுப்புங்கள்.

ஓய்வுபெற்ற செயல் அலுவலர்:

தீர்மானம் மட்டும் போதாது. நகலுடன் ஆட்சியருக்கு எழுதுங்கள், பேரூராட்சிகளின் உதவி இயக்குநருக்கும் ஒரு பிரதி. செப்டம்பருக்குள் அனுப்பிவிடுங்கள். வரைவு எழுதித் தருகிறேன். அந்த ஜே.சி.பி.க்கு வாடகை கொடுத்துவிட்டார்களா?

ஆற்றங்கரை வார்டு உறுப்பினர்:

இல்லை ஐயா. உத்தரவு இல்லாத வேலைக்குப் பணம் இல்லை என்று கோப்பைத் திருப்பிவிட்டார்கள். அந்தத் தாளை உரிமையாளர் இன்னும் பால் கவரோடு வைத்திருக்கிறார். டீசல் காசையாவது வாங்கிக்கொள்ளச் சொன்னேன், மறுத்துவிட்டார். ஆச்சி வீட்டுச் சுவரைக் கட்டியபோது மண் அடித்துக் கொடுத்ததும் அவர்தான்.