'பூஞ்சையூட்டி' பொருந்துமா? மைக்கோஹெட்டரோட்ரோப் என்பதற்கான கலைச்சொல்

அன்பர்களுக்கு வணக்கம்.

மைக்கோஹெட்டரோட்ரோப், அதாவது பூஞ்சை வழியாக உணவு பெறும் தாவரம், என்பதற்கு முன்மொழியப்பட்ட 'பூஞ்சையூட்டி' சொல்ல எளிதாக இருந்தாலும், பொருளைத் தலைகீழாக்கிவிடுகிறது. பாலூட்டி என்பது பாலை ஊட்டும் உயிர். அவ்வழியே பூஞ்சையூட்டியும் எதையோ ஊட்டும் தாவரமாகத்தான் விளங்கிக்கொள்ளப்படும். இவ்வகைத் தாவரங்களுள் ஒன்றான, பச்சையமே இல்லாத மோனோட்ரோபா யூனிஃப்ளோராவோ யாருக்கும் ஊட்டுவதில்லை, உண்கிறது.

காளான்களையும் காட்டுப்பூக்களையும் ஒரே குறிப்பேட்டில் பதிந்துவரும் ஆர்வலன் நான். தொழில்முறைத் தாவரவியலாளன் அல்லன். மெழுகில் வார்த்ததுபோல் வெளுத்து, தலைகவிழ்ந்து நிற்கும் இப்பூவுக்குப் பழைய வழக்கப்படி 'சாறுண்ணி' (மட்கை உண்பது) என்றுதான் முதலில் குறித்துவைத்தேன். அது பிழை, ஏனெனில் இச்செடி மட்கை நேரடியாக உண்பதில்லை. மரம் ஒளிச்சேர்க்கையால் ஆக்கிய சர்க்கரை, அம்மரத்தின் வேரோடு பிணைந்திருக்கும் ருசுலா குடும்பக் காளான்களின் இழைகள் வழியாக இதற்கு வந்து சேர்கிறது. இதன் உறவினமான மோனோட்ரோபா ஹைபோபிட்டிஸில் இத்தொடர்பை 1960இல் பியோர்க்மன் என்ற ஆய்வாளர் காட்டினார்: மரங்களுக்குள் அவர் செலுத்திய கதிரியக்கக் கார்பன், அருகில் வளர்ந்த அச்செடிகளில் தென்பட்டது. எனவே காளான் இங்கே இடைவழி, உணவின் பிறப்பிடம் மரம். நம் சொல்லும் இந்த இடைவழியைச் சுட்டினால் நல்லது.

'பூஞ்சையுண்ணி' சுருக்கமானதுதான். ஆனால் புல்லுண்ணி, ஊனுண்ணி என்பவற்றில் முன்சொல் உண்ணப்படும் பொருளைக் குறிப்பதால், பூஞ்சையுண்ணி என்றதும் காளானைக் கொறிக்கும் நத்தையும் வண்டும்தான் நினைவுக்கு வரும்; அவற்றுக்கே அச்சொல்லை விட்டுவைப்போம். ஒட்டுண்ணியில் அமைப்பு வேறு: அங்கே முன்சொல் உண்ணப்படுவதை அன்றி, ஒட்டி உண்ணும் முறையைச் சுட்டுகிறது. (தனியே நின்றால் 'உண்ணி' மாட்டின் மேலிருக்கும் சிற்றுயிராகிவிடும் என்ற குறை இரண்டுக்கும் பொது, பழகிப்போனதால் யாரும் பொருட்படுத்துவதில்லை.) ஒட்டுண்ணியின் அமைப்பைப் பின்பற்றி, 'பூஞ்சைவழியுண்ணி' என்பதை முன்வைக்கிறேன். நீளம்தான், ஆனால் மூலச்சொல்லும் குட்டையானதன்று.

பச்சையமும் வைத்துக்கொண்டு பூஞ்சையிடமிருந்தும் கார்பன் பெறும் சில ஆர்க்கிட்களுக்குப் 'பகுதிப் பூஞ்சைவழியுண்ணி' எனலாம். எனக்கு எஞ்சியிருக்கும் ஐயம் முளைப்பருவம் பற்றியது. ஆர்க்கிட் விதைகளில் சேமிப்புணவு அநேகமாக இல்லாததால், பின்னாளில் பச்சையாக வளர்பவையும் இயற்கையில் முளைக்கும்போது பூஞ்சையை நம்பியே இருக்கின்றன. அந்நிலைக்கு 'தொடக்கப்' என்ற அடை போதுமா, 'முளைநிலைப்' என்பது தெளிவா? நான் பின்னதன் பக்கம் சாய்கிறேன்.