ஒகேனக்கலுக்கு ஒருநாள்: வேன் டூரா, சொந்தக் காரா?

கேஜிஐ_ராஜா:
கிருஷ்ணகிரியில் இருக்கிறோம். வர்ற ஞாயிறு அப்பா, அம்மா, பிள்ளைகளோடு ஒகேனக்கல் போகலாம் என்று இருக்கிறேன். ஒருத்தர் வேன், கைடு, மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து தலைக்கு இவ்வளவு என்கிறார், பரிசல் காசு தனியாம். முழுப் பணமும் முன்னாடியே கட்டணும். அம்மாவுக்கு முழங்கால் வலி வேற. இந்த டூரில் போகலாமா?

பென்னாகரத்தான்:
கைடு எதற்கு? அங்கே பரிசல் ஓட்டுகிறவர்தான் கைடு, எந்தப் பாறை இடுக்கில் விடலாம், எங்கே சுழல் என்று அவருக்குத்தான் தெரியும். தர்மபுரி, பென்னாகரம் வழியாக நேராக வந்துவிடலாம், தர்மபுரியிலிருந்து சுமார் 45 கி.மீ.தான். பென்னாகரம் தாண்டி மலை இறங்கும்போது நிறுத்தித் தின்பண்டத்தைப் பிரிக்காதீர்கள், குரங்குகள் கையிலிருந்தே பிடுங்கும். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் பரிசல் ஏறாதீர்கள்.

ஆத்தோரம்:
அதெல்லாம் சரி, இது ஆடி மாசம். கர்நாடகாவில் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்பி அவங்க திறந்துவிட்டால் தண்ணீர் நேராக இங்கேதான் வரும். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் நீர்வரத்தை அளக்கிறது, அளவு ஏறினால் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் கலெக்டர் தடை போட்டுவிடுவார். 2024 ஜூலைக் கடைசியில் ஒரு லட்சம் கனஅடி தாண்டி வந்தப்ப அருவியே தெரியலை, பாறையெல்லாம் மூழ்கி ஒரே செம்மண் நிறத் தண்ணீர். அதனால் வேன்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: தடை போட்டால் பணம் திரும்ப வருமா? சொந்தக் காரில் போனால் காலையில் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம், இல்லை வேறு நாள் போகலாம்.

மீன்குழம்பு:
சாப்பாடு சேர்த்து என்பதற்காக டூர் போகாதீங்க! அங்கே மீனை நாமே பார்த்து வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தரும் அம்மாக்கள் இருக்கிறார்கள். குளிக்கப் போகும் முன்பே கொடுத்துவிடணும், திரும்பி வரும்போது குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும், வறுவல் மட்டும் சுடச்சுடப் போடச் சொல்லுங்கள். அப்பாவுக்கு எண்ணெய் மசாஜ் பிடிக்கும் என்றால் வேட்டி ஒன்று கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். பரிசலில் காலை மடக்கித் தரையோடுதான் உட்காரணும், அம்மாவுக்கு அது சரிப்படாது. தொங்கு பாலத்தில் நின்று பார்க்கட்டும்.

கேஜிஐ_ராஜா:
கேட்டேன். "அதெல்லாம் தடை வராது சார்" என்கிறார், பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. வேன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிலிகுண்டுலு அளவு எங்கே பார்ப்பது?

ஆத்தோரம்:
தர்மபுரி செய்தியில் தினமும் காலையில் வரும். முந்தின நாளைவிட ஏறுதா இறங்குதா என்பதையும் பாருங்க. ஏறிக்கொண்டே போனால் கிளம்ப வேண்டாம்.